கோப்புப் பகிர்வுக் குழுக்கள்: பயன்பாட்டுக் காரணங்களும் அறக்கேள்விகளும்
(ஆய்வு நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பதிப்புரிமை உடையவரின் இசைவைப் பெறாமல் நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் மின்கோப்புகளாகப் பகிர்ந்துகொள்ளும் குழுக்கள் இன்று உயர்கல்வி உலகின் அறிவிக்கப்படாத நூலகங்களாக இயங்கி வருகின்றன. அவற்றை மக்கள் நாடுவதற்குரிய காரணங்களையும், அப்பயன்பாடு எழுப்பும் சட்ட, அறக் கேள்விகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பகிர்வு முழுவதையும் களவு என்றோ, முழுவதையும் அறிவுத்தொண்டு என்றோ ஒரே சொல்லில் அடக்குதல் பொருந்தாது. பகிரப்படும் எழுத்தின் வகை, இழப்புக்கு உள்ளாகுபவர், நெறிப்பட்ட மாற்றுவழியின் இருப்பு ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொரு பகிர்வும் மதிப்பிடப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கோப்புப் பகிர்வு, நிழல் நூலகம், பதிப்புரிமை, திறந்த அணுக்கம், ஒப்புரவு, நாட்டுடைமையாக்கம், ஆய்வு அறம்.

முன்னுரை

ஆய்வாளர் ஒருவர் தமக்கு வேண்டிய நூலைத் தேடும் முறை கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. நூலகப் பட்டியல், பழைய புத்தகக் கடை, நெறியாளரின் வீட்டு அலமாரி என்று ஒரு காலத்தில் அத்தேடல் படிப்படியாக நடந்தது. இன்று வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழுவொன்றில் நூலின் பெயரைக் குறிப்பிட்டு, அதன் பி.டி.எஃப். கோப்பு யாரிடமேனும் உள்ளதா என்று வினவுவதே பலருக்கும் முதற்படியாக இருக்கிறது. சில நிமிடங்களில் கோப்பு வந்து சேர்கிறது. அனுப்பியவர் யார், அக்கோப்பை உருவாக்கியவர் யார், அதற்கு இசைவு பெறப்பட்டதா என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை.

இந்நடைமுறை குறித்து இரு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. பதிப்பாளர் தரப்பு இதனைத் திருட்டு என்கிறது. பயன்படுத்துவோர் தரப்பு இதனை அறிவின் பொதுமை என்கிறது. இரண்டும் உண்மையின் ஒரு பகுதியையே தொடுகின்றன. மக்கள் ஏன் இக்குழுக்களை நாடுகின்றனர் என்பதை முதலில் தெளிந்துகொண்டால்தான் அறம் பற்றிய வினாவை முறையாக எழுப்ப இயலும். திரைப்படம், இசை ஆகியவற்றின் பகிர்வு வரலாற்றுப் பின்புலம் என்னும் அளவில் மட்டுமே இங்குச் சுட்டப்படுகிறது. ஆய்வுலகம் பயன்படுத்தும் நூல்களும் கட்டுரைகளுமே இக்கட்டுரையின் எல்லையாகும்.

1. கோப்புப் பகிர்வின் வளர்ச்சி

இணையவழிக் கோப்புப் பகிர்வைப் பெருவழக்காக்கியது 1999இல் அமெரிக்காவில் ஷான் ஃபானிங், ஷான் பார்க்கர் ஆகியோர் தொடங்கிய நாப்ஸ்டர் ஆகும். பயனர்களின் கணினிகளில் இருந்த இசைக்கோப்புகளை ஒருவரிடமிருந்து மற்றவர் நேரடியாகப் பெற்றுக்கொள்ள அது வழி செய்தது. எனினும் எவரிடம் எக்கோப்பு உள்ளது என்னும் பட்டியல் நிறுவனத்தின் மையக் கணினியில் இருந்தது. அதனால் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2001இல் அச்சேவை நின்றுபோயிற்று. அதே ஆண்டில் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் நெறிமுறை இக்குறையைக் களைந்தது. அம்முறையில் ஒரு கோப்பு பல சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்றவர் அதனை உடனே பிறருக்கு வழங்குபவராகவும் ஆகிறார். பெறுவோர் பெருகப் பெருக வழங்கும் ஆற்றலும் பெருகுகிறது. குழுவாக இயங்குதல் என்பது இங்குத் தொழில்நுட்பத்தின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

நூல்களின் பகிர்வு வேறொரு மரபிலிருந்து கிளைத்தது. சோவியத் ஆட்சிக்காலத்தில் தணிக்கைக்கு உள்ளான நூல்களைத் தட்டச்சுப் படிகளாக இரகசியமாகச் சுற்றுக்கு விடும் 'சமிஸ்தாத்' என்னும் வழக்கம் இருந்தது. லைப்ரரி ஜெனசிஸ் போன்ற உருசிய நிழல் நூலகங்கள் இப்பண்பாட்டுப் பின்புலத்தில் தோன்றியவை என்று பாலாஸ் போடோ என்னும் ஆய்வாளர் விளக்கியுள்ளார். 2011இல் கசகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கிய சைஹப் ஆய்விதழ்க் கட்டுரைகளை இவ்வழிக்குக் கொண்டுவந்தது. 2017 மார்ச் நிலவரப்படி, ஏறத்தாழ 8.16 கோடி ஆய்வுக் கட்டுரைகளுள் 68.9 சதவீதம் சைஹப்பில் இருந்தன என்றும், சந்தா செலுத்திப் படிக்க வேண்டிய இதழ்களில் வெளியான கட்டுரைகளில் இவ்விகிதம் 85.1 சதவீதம் என்றும் டேனியல் ஹிம்மல்ஸ்டைன் குழுவினரின் ஆய்வு 2018இல் கணக்கிட்டது. உலகின் எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஈடுகொடுக்கக்கூடிய தொகுப்பு இசைவின்றி உருவாகியிருந்தது என்பதே இதன் பொருளாகும்.

2. பயன்படுத்துவோரின் காரணங்கள்

2.1 பெறுவழியின்மை

சயன்ஸ் இதழில் 2016இல் ஜான் போஹன்னன் வெளியிட்ட கட்டுரை, சைஹப்பின் ஆறு மாதப் பதிவுகளை ஆராய்ந்தது. அக்காலத்தில் 2.8 கோடித் தரவிறக்கக் கோரிக்கைகள் பதிவாகியிருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 34 இலட்சம் இந்தியாவிலிருந்து வந்தவை. அவ்விதழ் தொடர்ந்து நடத்திய கருத்தெடுப்பில் விடையளித்த சுமார் 11,000 பேரில் ஏறக்குறைய பாதியினர், வேறு வழியில் கட்டுரை கிடைக்காததையே காரணமாகக் கூறினர். விருப்பமுள்ளோர் மட்டுமே பங்கேற்ற கருத்தெடுப்பு என்பதால் இவ்வெண்களை உலக ஆய்வாளர் அனைவருக்கும் பொருத்த இயலாது. எனினும் காரணங்களின் வரிசையை அறிய அவை உதவுகின்றன.

இந்தியச் சூழலில் இக்குறையை நீக்க ஒன்றிய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்க இது வழி செய்கிறது. ஆயினும் திட்டத்தின் இம்முதற்கட்டம் அரசு நிறுவனங்களுக்கே உரியது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியர், பணி நிறைவு பெற்ற பேராசிரியர், நிறுவனம் சாராத ஆய்வாளர் ஆகியோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். மேலும் இத்திட்டம் ஆய்விதழ்களுக்கு உரியதாதலால் தமிழ் நூல்களைத் தேடுவோரின் தேவையை அது தொடுவதில்லை.

2.2 விலை

ஜோ கரகானிஸ் தொகுத்து 2011இல் வெளிவந்த, வளரும் நாடுகளில் ஊடகக் களவுப்படிகள் பற்றிய ஆய்வறிக்கை, அச்சிக்கலை அடிப்படையில் ஒரு விலைச் சிக்கலாகவே காண்கிறது. உள்நாட்டு வருமானத்தோடு ஒப்பிட்டால், குறுந்தகடு, மென்பொருள் முதலியவற்றின் விலை அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றில் உள்ளதைவிட வளரும் நாடுகளில் ஐந்து முதல் பத்து மடங்கு வரை சுமையாக இருப்பதை அது சுட்டியது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் வெளியிடும் கெட்டி அட்டை நூல்களின் விலையைத் தம் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முனைவர்பட்ட ஆய்வாளருக்கு இக்கணக்கு விளங்காமற்போகாது.

2.3 எளிமை

இல்லாமை மட்டுமே காரணம் என்று கொள்ளவும் இயலாது. போஹன்னன் ஆராய்ந்த கோரிக்கைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பைச் சேர்ந்த 34 வளமான நாடுகளிலிருந்து வந்திருந்தது. கருத்தெடுப்பில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் எளிமை கருதியே சைஹப்பைப் பயன்படுத்துவதாகக் கூறினர். நூலக இணையதளத்தில் நுழைந்து, கடவுச்சொல் இட்டு, பல பக்கங்களைக் கடந்து ஒரு கட்டுரையைப் பெறுவதைவிட ஒரே சொடுக்கில் பெறுவதை மனம் விரும்புகிறது. உரிமை இருந்தும் குறுக்குவழியை நாடுவோரும் இதனால் உருவாகின்றனர். அறநோக்கில் இவர்களின் நிலை, வழியே இல்லாதவரின் நிலையினின்று வேறானது.

2.4 அழிவு பற்றிய அச்சம்

படிகள் குறைந்த நூல் அழியும் என்பதைத் தமிழுலகம் பட்டறிந்துள்ளது. பெயர்த்தெழுதப்படாத ஏடுகள் செல்லுக்கும் தீக்கும் நீருக்கும் இரையாயின. உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் ஊர் ஊராகவும் மடம் மடமாகவும் ஏடு தேடியதும் தேடுவித்ததும், இருந்த ஒன்றிரண்டு படிகளும் மறைந்துவிடும் என்னும் அச்சத்தினாலேயே ஆகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பல இடங்களில் பல படிகள் இருப்பதே காப்பு என்னும் உணர்வு இத்தகைய இழப்புகளிலிருந்து பிறந்தது. மறுபதிப்புக் காணாத பழைய ஆய்வு நூல்களையும் நின்றுபோன சிற்றிதழ்களையும் மின்வருடி, குழுக்களில் இடுவோர் பலர் இவ்வுணர்வினாலேயே அதனைச் செய்கின்றனர்.

2.5 கொள்கை எதிர்ப்பு

ஆய்விதழ்ப் பதிப்புமுறைக்கு எதிரான நிலைப்பாடும் ஒரு காரணமாகும். கருத்தெடுப்பில் ஏறத்தாழ 23 சதவீதத்தினர், கல்விப் பதிப்பகங்கள் ஈட்டும் இலாபத்தை எதிர்ப்பதற்காகவே சைஹப்பை நாடுவதாகக் கூறினர். ஆய்வு பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடைபெறுகிறது. கட்டுரையாசிரியர் ஊதியம் பெறுவதில்லை. மதிப்பீட்டாளரும் பொதுவாக ஊதியமின்றியே பணிபுரிகின்றனர். அவ்வாறு உருவான கட்டுரையைப் பல்கலைக்கழகம் மீண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருப்பது முறையன்று என்பது இவர்தம் வாதம். ஜேஸ்டோர் தரவகத்திலிருந்து பெருந்தொகையான கட்டுரைகளை இறக்கியமைக்காக 2011இல் கைது செய்யப்பட்டு, வழக்கு நிலுவையில் இருந்தபோதே 2013இல் உயிரிழந்த ஆரன் சுவார்ட்ஸ் இக்கருத்தின் அடையாளமாக இன்றும் நினைக்கப்படுகிறார்.

3. குழுவும் அதன் உள்விதிகளும்

கோப்பு மட்டுமே நோக்கமாயின் குழு தேவைப்படாது. குழுவாக இணைவதில் வேறொரு பயன் உண்டு. அரிய நூலைத் தேடிக் கண்டு, பக்கம் பக்கமாக மின்வருடிப் பதிவிடுபவர் அக்குழுவில் மதிப்பைப் பெறுகிறார். இன்று பெற்றவர் நாளை தருவார் என்னும் எதிர்பார்ப்பு உறுப்பினரைப் பிணைக்கிறது. கொடை என்பது கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடப்பாடுகளைக் கொண்டது என்று 1925இல் மார்செல் மோஸ் விளக்கிய கருத்து இங்குப் பொருந்திவருகிறது.

இத்தகைய குழுக்கள் இலட்சிய உலகங்கள் அல்ல. நுட்டெல்லா வலையமைப்பை ஆராய்ந்த ஏய்டன் அடார், பெர்னார்டோ ஹூபர்மன் ஆகியோர், பயனர்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் எக்கோப்பையும் பகிரவில்லை என்பதையும், விடைகளில் பாதியளவு வழங்குவோருள் முதல் ஒரு சதவீதத்தினரிடமிருந்தே வந்தன என்பதையும் 2000இல் கண்டறிந்தனர். இக்குறையைத் தடுக்க, அழைப்பின் பேரில் மட்டுமே உறுப்பினரைச் சேர்க்கும் மூடிய குழுக்கள் ஒவ்வொருவரும் பெற்றதற்கும் வழங்கியதற்குமான விகிதத்தைக் கணக்கிடலாயின. விகிதம் குறைந்தவர் நீக்கப்பட்டார். நம் ஊர்களின் மொய் நோட்டு இதற்கு நல்ல ஒப்புமையாகும். மொய்யும் அன்பளிப்பே, ஆயினும் அது எழுதி வைக்கப்படுகிறது, திரும்பச் செய்யப்பட வேண்டியதாகிறது. பகிர்வுக் குழுவும் விதிகளும் கடமைகளும் உடைய ஒரு சமூக அமைப்பே. ஆனால் மொய் வைப்பவர் தம் பொருளை வைக்கிறார். பகிர்வுக் குழுவில் வைக்கப்படுவது பெரும்பாலும் பிறர் உழைப்பு. அறக்கேள்வி இவ்விடத்திலிருந்தே தொடங்குகிறது.

4. சட்டத்தின் நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. இலக்கியப் படைப்புகளுக்கு ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அறிந்தே உரிமையை மீறுதல் 63ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு பல விலக்குகளையும் வழங்குகிறது. ஆய்வு உள்ளிட்ட தனிப்பயனுக்கான நியாயமான கையாளுகை, கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுத்தல், வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

கற்பித்தல் விலக்கின் எல்லை தில்லிப் பல்கலைக்கழக ஒளிநகல் வழக்கில் ஆராயப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு ஃபிரான்சிஸ் நிறுவனமும், வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஒளிநகல் நிலையத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 2012இல் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்துக்கு உரிய நூற்பகுதிகளைத் தொகுத்துப் படியெடுத்து விற்றதே குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, கற்பித்தல் நோக்கத்துக்குத் தேவைப்படும் அளவே அளவுகோல் என்னும் கருத்தை ஏற்று, தொகுப்பில் இருந்த பகுதிகள் அத்தேவைக்கு உட்பட்டவையா என்பதை விசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. இத்தீர்ப்பு பாடத்துக்குரிய பகுதிகளைப் பற்றியது. முழு நூலையும் மின்வருடி நூற்றுக்கணக்கானோர் உள்ள குழுவில் இடுவதற்கு இதனை மேற்கோளாகக் கொள்ள முடியாது.

சைஹப் வழக்குகளின் போக்கு வேறாக அமைந்தது. எல்செவியர் தொடுத்த வழக்கில் 2017இல் நியூயார்க் நீதிமன்றம் 1.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. இந்தியாவில் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை 2020 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடின. இந்திய அறிவியலாளர் சிலர் தம் தரப்பையும் கேட்குமாறு வேண்டி வழக்கில் இடையீடு செய்தனர். 2025 ஆகஸ்டில் அத்தளத்தை முடக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது.

பெரு நிறுவனங்களே எப்போதும் வழக்காடுவோர் அல்லர். போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சியளிக்கும் ஆசிரியர் நீத்து சிங் தம் நூல்களும் விரிவுரைகளும் டெலிகிராம் வழியே இசைவின்றிப் பரப்பப்படுவதாக வழக்குத் தொடுத்தார். அவற்றைப் பரப்பியோரின் விவரங்களை வெளிப்படுத்துமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் அந்நிறுவனத்துக்கு ஆணையிட்டது. உழைத்து எழுதிய ஆசிரியரே இங்கு இழப்புக்கு உள்ளானவர். 'பெரு நிறுவனத்துக்கு எதிரான எளியோர்' என்னும் சித்திரம் எல்லாப் பகிர்வுக்கும் பொருந்தாது என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

5. ஒப்புரவா, களவா?

திருக்குறளின் அறத்துப்பாலில் ஒப்புரவறிதலும் உண்டு, கள்ளாமையும் உண்டு. கோப்புப் பகிர்வு இவ்விரண்டனுள் எதன்பாற்படும் என்று வினவுவது தமிழ் அறச்சிந்தனையின் எல்லைக்குள்ளேயே நின்று இச்சிக்கலைக் காண உதவும்.

களவு என்பது பிறர் பொருளை அவர் இழக்கும்படி கொள்ளுதல். மின்படி எடுக்கப்படும்போது மூலப்படி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே முழுப் பொருளில் அது களவாகாது. ஆயினும் விற்பனையால் வாழும் எழுத்துக்கு இசைவற்ற படி பரவுமாயின், வரவேண்டிய வருவாய் வாராமற் போகிறது. பொருள் பறிபோகவில்லை, உழைப்பின் பயன் குறைகிறது. ஒப்புரவு என்பதோ ஊரார்க்குப் பயன்படுமாறு தம்மிடம் உள்ளதைக் கொடுத்தல். மேலே கண்டவாறு பகிர்வில் கொடுக்கப்படுவது பிறர் உழைப்பாதலால் அச்சொல்லும் முழுமையாகப் பொருந்தவில்லை. எனவே இரு சொற்களுள் ஒன்றைத் தேர்ந்து தீர்ப்பளிப்பதைவிட, ஒவ்வொரு பகிர்வின் முன்னும் நான்கு வினாக்களை வைத்தல் தகும்.

முதலாவது, இப்பகிர்வால் எழுதியவரோ பதிப்பித்தவரோ உண்மையில் எதனை இழக்கிறார்? இரண்டாவது, நெறிப்பட்ட வழி ஒன்று இருந்ததா, அது தேடப்பட்டதா? மூன்றாவது, பகிர்பவர் இதனால் வணிக ஆதாயம் பெறுகிறாரா? நான்காவது, இப்பகிர்வு அந்நூலைக் காக்கிறதா, அல்லது இனி அத்தகைய நூல் வெளிவரும் வழியை அடைக்கிறதா?

பகிர்ந்தவரின் நோக்கம் நல்லதாயினும் பயன் அவர் எண்ணிய எல்லைக்குள் நிற்பதில்லை என்பதும் கருதத்தக்கது. ஏழை மாணவருக்காக என்று திரட்டப்பட்ட நிழல் நூலகத் தொகுப்புகளைச் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் இறக்கிக்கொண்டன. அவ்வாறு இறக்கிய நூல்கள் தொடர்பாக எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில், 2025இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் 150 கோடி டாலர் வழங்க உடன்பட்டது. வாயில் திறந்திருக்கும்போது உள்ளே வருபவர் வறியவர் மட்டுமே என்பதற்கு உறுதியில்லை.

6. நான்கு வகை எழுத்துகள்

மேற்கண்ட வினாக்களைத் தமிழாய்வாளர் அன்றாடம் கையாளும் நான்கு வகை எழுத்துகளுக்குப் பொருத்திக் காணலாம்.

முதல் வகை, சந்தாவுக்கு உட்பட்ட ஆய்விதழ்க் கட்டுரை. எழுதியவர் பொருள் இழப்பதில்லை. படிக்கப்படுவதும் மேற்கோள் காட்டப்படுவதும் அவருக்கு நன்மையே. ஆனால் சைஹப் போன்ற தளங்கள் பல்கலைக்கழகப் பயனர்களின் கடவுச்சொற்களைக் கொண்டு கட்டுரைகளைப் பெற்றமை பிற சிக்கல்களை எழுப்புகிறது. நெறிப்பட்ட வழிகளும் இங்கு மிகுதி. ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி ஒரு படி கேட்கலாம். அவர் தம் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இட்ட வடிவைத் தேடலாம். நூலகங்களுக்கிடையிலான கடன் முறையைப் பயன்படுத்தலாம்.

இரண்டாம் வகை, மறுபதிப்புக் காணாத பழைய நூல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்திருப்பின், அல்லது நூல் நாட்டுடைமை ஆக்கப்பட்டிருப்பின், தடையேதுமில்லை. உரிமை எவரிடம் உள்ளது என்றே அறிய இயலாத நூல்கள்தாம் சிக்கலுக்குரியவை. உரிமையாளரைக் கண்டறிய முடியாத படைப்புகளை வெளியிட உரிமம் பெறும் வழியைச் சட்டத்தின் 31அ பிரிவு தருகிறது. தனியாள் ஒருவர் அவ்வழியே செல்வது எளிதன்று. இவ்வகையில் இழப்பு மிகக் குறைவு, காத்தற்பயன் மிகுதி. எனவே பகிர்வுக்கான அறநியாயம் இங்குத்தான் வலுவாக உள்ளது. நூலகமோ அறக்கட்டளையோ பொறுப்பேற்றுச் செய்வது மேலும் சிறந்தது.

மூன்றாம் வகை, விற்பனையில் உள்ள தமிழ் ஆய்வு நூல். சில நூறு படிகளே அச்சிடப்படும் பதிப்புகள் தமிழில் பல. ஐம்பது படிகள் விற்காமற்போவது பெரும் பதிப்பகம் ஒன்றுக்குப் பொருட்டன்று. சிறு பதிப்பகத்துக்கோ அடுத்த நூலை வெளியிட இயலுமா என்பதை அதுவே தீர்மானிக்கும். அத்தகைய நூலின் இயல்பான வாசகர்கள் தமிழ்த்துறை ஆய்வாளரும் ஆசிரியருமே. அவர்கள் உள்ள குழுவில் முழு நூலும் இடப்படுமாயின் அந்நூலுக்கு வேறு சந்தை இல்லை. நான்கு வினாக்களுக்கும் கிடைக்கும் விடை இங்குப் பகிர்வுக்கு எதிராகவே அமைகிறது. அயல்நாட்டுப் பெரும் பதிப்பகங்களுக்கு எதிராகக் கூறப்படும் நியாயத்தைத் தமிழ்ச் சிறு பதிப்பகங்கள் மீது ஏற்றுதல் பிழையாகும்.

நான்காம் வகை, கற்பித்தலுக்கு வேண்டிய நூற்பகுதி. ஓர் இயலையோ கட்டுரையையோ தம் வகுப்பு மாணவருக்கு அளித்தல் சட்டத்தின் விலக்குக்கும் அறத்துக்கும் உட்பட்டதே. வகுப்பு என்னும் எல்லை கடந்து, பொதுக் குழுவில் முழு நூலாக அது மாறும்போது தன்மையும் மாறிவிடுகிறது.

இந்நான்கிற்கும் பொதுவான புலமைசார் குறை ஒன்றும் உண்டு. குழுக்களில் உலவும் கோப்புகளில் முகப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் விடுபட்டிருப்பதுண்டு. முகவுரையும் பிற்சேர்க்கையும் இல்லாமற்போவதுண்டு. எழுத்துணரி வழி மாற்றப்பட்டவற்றில் எழுத்துப் பிழைகள் புகுவதுண்டு. எப்பதிப்பு என்று அறியாமல் பாடவேறுபாட்டை ஆராய்வது அடித்தளமில்லாக் கட்டடமாகும். கோப்பைப் படித்துவிட்டு அச்சுப் பதிப்பைப் பார்த்ததுபோல் துணைநூற்பட்டியலில் காட்டுவதும் ஆய்வு நேர்மைக்கு மாறானது.

7. தமிழ்ச் சூழலில் நெறிப்பட்ட பகிர்வு

இசைவோடு பகிரும் மரபு தமிழில் வலுவாகவே உள்ளது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றுப் பின்னர் மக்களுக்கு உரியதாக்கியது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கி, மரபுரிமையாளருக்குப் பரிவுத்தொகை வழங்கியுள்ளது. எழுதியவர் தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிட்டு நூலைப் பொதுவாக்கும் இம்முறை, பகிர்வுக்கும் உரிமைக்கும் இடையிலான முரணைத் தீர்க்கும் ஒரு முன்மாதிரியாகும்.

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் வாழும் தன்னார்வலரின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக வழங்கி வருகிறது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்த 2005இல் நூலகம் திட்டம் தோன்றியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அரிய நூல்களையும் இதழ்களையும் இலவசமாகப் படிக்கத் தருகிறது. பகிர்வுக் குழுக்களின் ஆற்றலாக நாம் கண்ட தன்னார்வமும் கூட்டுழைப்பும் இத்திட்டங்களிலும் உள்ளன. பதிப்பு விவரம், பொறுப்பு, இசைவு ஆகியவை கூடுதலாக உள்ளன.

ஆய்வாளர் தம் சொந்த எழுத்தைத் திறந்து வைப்பதும் இம்மரபின் தொடர்ச்சியே. முனைவர்பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்க வேண்டும் என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறையால் சோத்கங்கா களஞ்சியம் வளர்ந்தது. 2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை திறந்த அணுக்கத்துக்கு இரு வழிகளைக் காட்டியது: ஆசிரியரே தம் கட்டுரையைக் களஞ்சியத்தில் இடுதல், கட்டணமின்றிப் படிக்கத்தக்க இதழ்களில் வெளியிடுதல். இரண்டாம் வழி சில இடங்களில் சுமையை வாசகரிடமிருந்து எழுதுபவருக்கு மாற்றிவிட்டது. நேச்சர் இதழ் 2021 முதல் திறந்த அணுக்கக் கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ கட்டணம் நிர்ணயித்தமை இதற்குச் சான்று. செலவின்றி எவரும் செய்யத்தக்கது முதல் வழியே.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• கோப்புப் பகிர்வுக் குழுக்களை நாடுவதற்குப் பெறுவழியின்மையே முதன்மைக் காரணம். விலை, எளிமை, நூல் அழியும் என்னும் அச்சம், கொள்கை எதிர்ப்பு, குழு உறவு ஆகியவை அதனோடு இணைகின்றன. காரணங்கள் வேறுபடுவதால் அறமதிப்பீடும் வேறுபடும்.

• தளங்களை முடக்கும் ஆணைகள் தேவையை நீக்குவதில்லை. அரசின் சந்தாத் திட்டம் சுயநிதிக் கல்லூரிகளையும் நிறுவனம் சாரா ஆய்வாளரையும் எட்டும்வரை அத்தேவை நீடிக்கும்.

• மறுபதிப்பில்லாத பழைய நூலைக் காத்தலும், விற்பனையில் உள்ள சிறு பதிப்பக நூலைப் பரப்புதலும் ஒன்றல்ல. முன்னது தமிழாய்வுக்கு வலுச் சேர்ப்பது. பின்னது அதன் வேரை அரிப்பது.

• ஆசிரியரும் நெறியாளரும் தம் குழுக்களில் இவ்வேறுபாட்டை நடைமுறையாக்கலாம். பொதுவுரிமை நூல்களுக்கு இணைப்பு, விற்பனை நூல்களுக்குப் பதிப்பக விவரம், வகுப்புக்கு வேண்டியதற்கு நூற்பகுதி என்னும் ஒழுங்கு கடைப்பிடிக்க எளியது.

• பிறர் எழுத்தைப் பகிர்வதற்கு முன், தம் ஆய்வேட்டையும் கட்டுரைகளையும் எவரும் படிக்குமாறு களஞ்சியங்களில் இடுவது ஆய்வாளரின் முதற்கடமையாகும். தம்முடையதைக் கொடுக்கும் அவ்விடத்தில் மட்டுமே பகிர்வு என்னும் சொல் ஒப்புரவு என்னும் சொல்லோடு முழுமையாகப் பொருந்துகிறது.